ஒரே நிரல், ஒரே எண்கள், வேறு விடை: ஏன்?



"இடையிலேயே கிட்டிய மதிப்புக்கு மாற்றாதீங்க, கடைசி வரியில் மட்டும் மாற்றுங்க." வகுப்பில் இதை எத்தனை தடவை சொல்லியிருப்போம்! கணினிக்கு அந்தச் சலுகை கிடையாது. ஓர் எண்ணை வைக்க அதற்கு இருப்பது 64 பிட் இடம்தான். ஆகவே ஒவ்வொரு கூட்டலுக்கும் ஒவ்வொரு பெருக்கலுக்கும் பிறகு கிட்டிய மதிப்பு எடுத்தே தீரவேண்டும்.

நம்பிக்கை இல்லையா? பைத்தானைத் திறந்து 0.1, 0.2, 0.3 மூன்றையும் கூட்டிப் பாருங்க. முதல் இரண்டை முதலில் கூட்டினால் 0.6000000000000001 வரும். கடைசி இரண்டை முதலில் கூட்டினால் 0.6 வரும். எந்த வரிசையில் கூட்டினாலும் விடை ஒன்றே என்று நாம் சொல்லிக்கொடுத்த விதி இங்கே கொஞ்சம் ஆட்டம் காண்கிறது.

"பதினாறாவது இலக்கம்தானே, யாருக்குக் கவலை?" என்று கேட்கலாம். 1961ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் அமெரிக்காவின் எம்ஐடி-யில் எட்வர்ட் லோரன்ஸ் என்ற வானிலை ஆய்வாளரும் கிட்டத்தட்ட அப்படித்தான் நினைத்தார். ஏற்கெனவே ஓடிய வானிலை சிமுலேஷன் ஒன்றை நடுவிலிருந்து மீண்டும் ஓட்ட விரும்பி, அச்சுத்தாளில் இருந்த எண்களைத் தட்டச்சு செய்துவிட்டு காப்பி குடிக்கப் போனார். திரும்பி வந்தால் இரண்டு மாத வானிலை அடியோடு மாறியிருந்தது! இயந்திரத்தில் ஏதோ வால்வு கெட்டுப்போச்சு என்றுதான் முதலில் சந்தேகப்பட்டார். உண்மையில் கணினியின் நினைவில் இருந்தது 0.506127, தாளில் அச்சானது 0.506. அந்த மிகச் சிறிய வித்தியாசம் ஏறக்குறைய நான்கு நாள் வானிலைக்கு ஒருமுறை இரட்டிப்பாகிக்கொண்டே போனது.

இந்தக் கதையை எல்லாரும் வண்ணத்துப்பூச்சியோடு முடித்துவிடுவார்கள். நமக்கு வேண்டியது வேறு. லோரன்ஸ் இலக்கங்களை வெட்டியது தற்செயல். ஆனால் ஒவ்வொரு கணினியும் தன் பாணியில் இலக்கங்களை வெட்டிக்கொண்டே இருக்கிறது. எப்படி வெட்டுவது என்பதில் அந்தக் காலத்துக் கணினிகளுக்குள் ஒற்றுமையே இல்லை. 1964இல் வந்த ஐபிஎம் சிஸ்டம்/360 எண்களை 16ஐ அடியாகக் கொண்டு வைத்தது. வேறு சில இரண்டை அடியாகக் கொண்டன. சில இயந்திரங்களில் 1.0 − X என்று நேராக எழுதினால் கடைசி இலக்கம் தவறிவிடும் என்று பயந்து, நிரலாளர்கள் (0.5 − X) + 0.5 என்று சுற்றிவளைத்து எழுதினார்கள். தேர்வுத்தாளில் ஒரு மாணவர் இப்படி எழுதினால் நாம் சிவப்பு மையில் வட்டம் போடுவோம், இல்லையா?

இந்தக் குழப்பத்துக்கு முடிவு கட்டப் பாடுபட்டவர்களில் முதன்மையானவர் பெர்க்லி பேராசிரியர் வில்லியம் கஹான். இன்டெல் நிறுவனம் 1980இல் வெளியிட்ட 8087 கணிதச் சிப்புக்கு அவர்தான் ஆலோசகர். பல ஆண்டு வாக்குவாதத்துக்குப் பிறகு 1985இல் ஐஇஇஇ 754 என்ற தரநிலை வந்தது. கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல், வர்க்கமூலம் ஆகியவற்றின் விடையை எப்படிக் கிட்டிய மதிப்பாக்க வேண்டும் என்று அது வரையறுத்தது. 1989இல் கஹானுக்கு டூரிங் விருது கிடைத்தது.

அப்போ பிரச்சினை தீர்ந்ததா? இல்லைங்க. இங்கேதான் இயங்குதளம் உள்ளே வருகிறது.

8087 வழிவந்த சிப்புகள் கணக்கைத் தமக்குள்ளே 80 பிட் அகலத்தில் செய்தன. அதில் இலக்கங்களுக்கு 64 பிட். நினைவகத்தில் எழுதும்போதுதான் வழக்கமான 53 பிட்டுக்குச் சுருங்கும். உள்ளேயும் 53 பிட்டோடு நிறுத்திக்கொள் என்று சிப்புக்குக் கட்டளையிடவும் வழி இருந்தது. 32 பிட் காலத்து விண்டோஸ் நிரல்கள் பொதுவாக 53 பிட் அமைப்பில் ஓடின. லினக்ஸ் 64 பிட்டை அப்படியே விட்டது. அதாவது ஒரே மேசை, ஒரே சிப்பு, ஒரே நிரல். இயங்குதளத்தை மாற்றினால் கடைசி இலக்கம் மாறும். எது சரி என்று கேட்டால், இரண்டுமே சரிதான் என்பேன். இடைப்படிகளில் கூடுதல் இலக்கம் வைத்துக்கொண்ட மாணவரும் வைக்காத மாணவரும் போலத்தான்.

64 பிட் கணினிகளில் வேறு வகைக் கட்டளைகள் வழக்கத்துக்கு வந்ததால் அந்தத் தகராறு பெரும்பாலும் ஓய்ந்தது. இன்னொன்று இன்றும் ஓயவில்லை. சைன், மடக்கை, அடுக்குக்குறிச் சார்புகளுக்கு 1985 தரநிலை அப்படிப்பட்ட கட்டாயம் எதையும் விதிக்கவில்லை. 2008 திருத்தமும் பரிந்துரையோடு நின்றது. விண்டோஸ், லினக்ஸ், மேக் ஒவ்வொன்றும் தன் சொந்தக் கணித நூலகத்தோடு வருகிறது. அவை எப்போதாவது கடைசி பிட்டில் வேறுபடும்.

சேர்ன் ஆய்வகம் இதனால் சிக்கலில் மாட்டியது. 27 கிலோமீட்டர் சுற்றளவுள்ள துகள் முடுக்கியில் துகள்கள் நிலையாகச் சுற்றுமா, சிதறுமா என்று கணிக்கும் சிமுலேஷனை, 2004 முதல் பொதுமக்களின் வீட்டுக் கணினிகளில் ஓட்டினார்கள். நூறாயிரம், மில்லியன் சுற்றுகள் என்று போகும் கணக்கு அது. முன்பின் தெரியாதவரின் கணினியை எப்படி நம்புவது? ஒரே வேலையை இரண்டு பேருக்கு அனுப்பி விடைகளை ஒப்பிட்டார்கள். ஆனால் பழுதில்லாத கணினிகளே வேறு விடை தந்தால், பழுதானதை எப்படிக் கண்டுபிடிப்பது? தங்கள் நிரலில் அந்தந்தக் கணினியின் நூலகத்தைக் கைவிட்டு, பிரான்சின் லியோன் நகர ஆய்வாளர்கள் எழுதிய, கடைசி பிட் வரை சரியாகக் கிட்டிய மதிப்பு எடுக்கும் நூலகத்தைப் பயன்படுத்தினார்கள். பிறகுதான் விடைகள் ஒத்துப்போயின.

இவ்வளவும் படித்தபின் ஓர் ஆபத்து இருக்கு. வித்தியாசம் வந்தாலே "எல்லாம் கிட்டிய மதிப்பு செய்யும் வேலை" என்று தட்டிக்கழிக்கத் தோன்றும். கிட்டிய மதிப்பால் வரும் வித்தியாசம் பெரும்பாலும் முதல் படியில் பதினைந்து, பதினாறாவது இலக்கத்தில் தொடங்கி மெல்ல வளரும். முதல் படியிலேயே மூன்றாவது இலக்கம் மாறினால், முதலில் நிரலைச் சந்தேகப்படுங்க.

2019இல் ஹவாய்ப் பல்கலைக்கழகத்தில் அதுதான் நடந்தது. மூலக்கூறுகளின் அமைப்பைச் சரிபார்க்க வேதியியலாளர்கள் பல ஆண்டுகள் நம்பிப் பயன்படுத்திய பைத்தான் நிரல் ஒன்று, இயங்குதளத்துக்கு ஏற்ப விடையை மாற்றியது. வித்தியாசம் ஒரு விழுக்காட்டுக்கும் குறைவுதான். ஆனாலும் தவறான மூலக்கூறைச் சரி என்று முடிவு கட்ட அது போதும். தேடிப் பார்த்தால் தசமத்தின் மேல் குற்றமே இல்லை. கோப்புகளின் பட்டியலை இயங்குதளம் எந்த வரிசையில் கொடுத்ததோ, அந்த வரிசையிலேயே நிரல் அவற்றைப் படித்தது. வரிசை மாறிய இடத்தில் ஒரு கோப்பின் எண்கள் இன்னொன்றின் எண்களோடு ஜோடி சேர்ந்துவிட்டன. செய்த திருத்தம் மிகச் சிறியது: கோப்புகளை முதலில் பெயர்வாரியாக அடுக்கச் சொன்னார்கள்.