வாழிடமும் காட்சிப்பொருளும்

வறியோர் நெருங்கி வாழ்ந்த இடங்கள் மறையுங்கால், அவற்றின் சாயலை எவர், எந்நோக்கத்துடன் பேணுகின்றனர் என்பது வரலாற்று மாணவர் சிந்திக்கத்தக்க வினாவாகும். யப்பானியக் கேளிக்கைக்கூடம் ஒன்றின் வரலாறு இவ்வினாவைத் தெளிவுறுத்துகின்றது.

1898ஆம் ஆண்டில் பிரித்தானியர் ஹொங்கொங்கை அடுத்த நிலப்பரப்பைச் சீனாவிடமிருந்து குத்தகைக்குப் பெற்றபொழுது, கவுலூன் கோட்டை நகர் மாத்திரம் சீன அதிகாரத்தின்கீழ் விடப்பட்டது. காலப்போக்கில் இரு அரசுகளும் முறையாக ஆளாத அச்சிறு நிலத்தில், ஏறத்தாழ ஆறரை ஏக்கர் பரப்பில், 1987இல் சுமார் 33,000 மக்கள் வாழ்ந்தனர். குடிமக்கள் வெளியேற்றப்பட்டபின் 1993, 1994ஆம் ஆண்டுகளில் நகர் இடிக்கப்பட்டது. இன்று அங்குள்ளது ஒரு பூங்காவே.

இடிந்த நகர் 2005இல் யப்பானின் கவசாக்கி நகரிலே வேறுருவிற் பிறந்தது. விளையாட்டுப் பொறிகள் நிறைந்த பலமாடிக் கூடமொன்றின் உட்புறம், துருவேறிய தகடுகள், ஒடுங்கிய மாடங்கள், உலரவிட்ட துணிகள், கிழிந்த விளம்பரங்கள் எனக் கவுலூனின் தோற்றத்திலே நுட்பமாகப் புனையப்பட்டது. 2019 நவம்பரில் அக்கூடமும் மூடப்பட்டது. அங்கே அழுக்கு இருந்தது; அதனைச் சுமந்த மனிதர் இல்லை. வறுமையின் தோற்றம் கேளிக்கையாயிற்று. அதன் காரணம் மறைந்தது.

இந்நிகழ்ச்சி பசறைக்குப் புறம்பானதன்று. நமுனுகுல மலையை அண்டிய இத்தோட்டப்புறத்தில், பத்துக்குப் பன்னிரண்டு அடி கொண்ட லயக் காம்பராக்களிலே தலைமுறைகள் வாழ்ந்து வந்துள்ளன. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றோராக்கப்பட்டவர்க்கும், 1964ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின்பின் இந்தியா சென்றவர்க்கும் அக்காம்பராவே பிறந்த வீடாயிருந்தது. 2014 ஒக்டோபர் 29இல், இதே பதுளை மாவட்டத்தின் மீரியபெத்தையில் மண்சரிவு லயங்களை மூடியமை, அவ்வாழிடங்களின் பாதுகாப்பின்மையை நாடறியச் செய்தது.

மலையகத்தில் துரைமார் பங்களாக்கள் பல இன்று உல்லாச விடுதிகளாகியுள்ளன. லயங்களோ இன்னும் மக்கள் உறையும் இடங்கள். அவை நீங்கி நல்வீடுகள் எழவேண்டும் என்பதில் இரு கருத்திற்கு இடமில்லை. ஆயினும் நீங்குவனவற்றின் நினைவு நீங்கலாகாது. கம்பளைக்கு அண்மையில், பழைய லயத்தையே தோட்டத் தொழிலாளர் அரும்பொருளகமாக 2007இல் அமைத்தமை இவ்வகையிற் சிறந்த முன்மாதிரியாகும். பண்டைப் பொருள்களுடன் உழைத்தோரின் வரலாறும் அங்கே பேணப்படுகின்றது.

கேளிக்கைக்கூடம் சுவரைப் படியெடுத்தது. அரும்பொருளகம் சுவருள் வாழ்ந்தோரை நினைவுகூர்கின்றது. ஊவாவின் லயங்கள் நாளை இவற்றுள் எந்நிலையை எய்தும் என்பது, இன்று முதியோர் வாய்மொழியைத் திரட்டுவோர் கையிலேயே தங்கியுள்ளது.