மழைக்கு அப்பால்: கேகாலை மலைச்சரிவுகளில் பாறை அடுக்குகளின் பங்கு

எரிமலையின் மேற்பரப்பு வீங்குவதைக் கொண்டு அடியிலுள்ள பாறைக்குழம்பின் ஆழத்தைக் கணிக்க, ஜப்பானிய ஆய்வாளர் மோகி 1958இல் ஒரு மாதிரியை முன்வைத்தார். நிலம் எங்கும் ஒரே தன்மையுடைய மீள்தன்மைப் பொருள் என்பது அதன் எடுகோள். ஆனால் எரிமலைகளில் இளகிய சாம்பலும் இறுகிய எரிமலைப் பாறையும் மாறிமாறிப் படிந்துள்ளன. மேலடுக்கு இளகியதாயின் வீக்கம் நடுவில் குவியும். அதனால் அடுக்குகளைக் கருதாத கணிப்பு, ஆழத்தை உள்ளதைவிடக் குறைத்துக் காட்டக்கூடும். அடுக்கை அறியாமல் அசைவுக்குப் பொருள் காண இயலாது என்னும் இப்பாடம், எரிமலை இல்லாத இலங்கையின் கேகாலை மாவட்டத்துக்கும் பொருந்தும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

கொழும்பு–கண்டி வீதியில் சமநிலம் குன்றுகளாக மாறத் தொடங்கும் இடம் வரக்காப்பொல. அங்கிருந்து கிழக்கே அரநாயக்க, புளத்கொஹுபிட்டிய வரை நிலத்தின் அடித்தளம் மிகப் பழைய உருமாறிய பாறை. நைஸ், சார்னொகைட், குவார்ட்சைட் ஆகியவை பட்டைபட்டையாகச் சாய்ந்து கிடக்கின்றன. இவை ஒரே வேகத்தில் உக்குவதில்லை. குவார்ட்சைட் உறுதியானது, ஆயினும் அதன் வெடிப்புகள் நீரைக் கடத்தும். நைஸ் உக்கிக் களிமண் கலந்த மண்ணாகும். இவற்றின் மேல் பழைய சரிவுகள் விட்டுச்சென்ற கல்லும் மண்ணும் படிந்திருக்கும்.

மேல்மண்ணில் இறங்கும் மழைநீர், நீர் எளிதில் புகாத பாறையை அடைந்ததும் அங்கே தேங்குகிறது. நீரமுக்கம் உயர, மண்ணைப் பாறையோடு பிடித்துவைத்திருக்கும் உராய்வு குறைகிறது. பாறைப் பட்டைகள் மலைச்சரிவின் திசையிலேயே சாய்ந்திருந்தால் அவையே வழுக்குதளமாகலாம். எதிர்த்திசையில் சாய்ந்திருந்தால் செங்குத்தான முகத்திலிருந்து பாறை உடைந்து விழுவதே பெரும் ஆபத்து. ஆகவே ஒரே அளவு மழை பெய்தாலும் இரு சரிவுகள் ஒரேவிதமாக நடந்துகொள்வதில்லை.

2016 மே 17 அன்று அரநாயக்கவில் சாமசர மலை சரிந்து ஊர்களைப் புதைத்தது. அதே நாளில் புளத்கொஹுபிட்டியவின் களுபஹனவில் தோட்டத் தொழிலாளர் வாழும் லயன்கள் மண்ணுள் மூழ்கின. அந்நாட்களின் அடைமழை இவ்விரண்டுக்கும் தூண்டுதல்தான். ஆனால் அதே மழையில் நனைந்த எத்தனையோ சரிவுகள் அசையாமல் நின்றன.

தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் 24 மணி நேரத்தில் 75, 100, 150 மில்லிமீற்றர் என்னும் மழையளவுகளை எச்சரிக்கைப் படிநிலைகளாகக் கொள்கிறது. துளையிட்டு அடுக்குகளை ஆராய்வது செலவு மிக்கது, மழைமானியோ மலிவானது, உயிர்களைக் காக்கிறது என்று வாதிடலாம். அது உண்மையே. ஆயினும் மழையளவு உணர்த்துவது எப்போது விழித்திருக்க வேண்டும் என்பதையே. எந்தச் சரிவின் கீழ் எந்த ஆழத்தில் ஆபத்து உள்ளது என்பதை அது உணர்த்தாது. மத்திய மலைநாட்டின் வட்டவளையில் ரயில் பாதையை நகர்த்திவந்த நிலத்தை 1990களில் கட்டுப்படுத்த உதவியது நிலத்தடி நீரை வடித்தமையே. நீர் தேங்கும் அடுக்கை அறியாமல் அத்தகைய வடிகாலைத் திட்டமிட முடியாது.

எல்லா மலைகளையும் துளையிட வேண்டியதில்லை. லயன்களுக்கும் வீடுகளுக்கும் மேலுள்ள சரிவுகளில் முதலில் மின்தடை அளவீட்டால் அடுக்குகளைக் கண்டறிந்து, ஐயத்துக்குரியவற்றில் மட்டும் துளையிட்டு, சாய்வுமானியும் நீர்மட்டமானியும் பொருத்தலாம். மேற்பரப்பில் காணும் வெடிப்பு காட்டுவது, ஆழமற்ற மண்ணசைவா, பாறைத்தளம் வரை இறங்கிய நகர்வா என்பதை அப்போதே பிரித்தறிய முடியும்.