வாசலுக்கு வந்த இறைச்சி வண்டி

பிஸ்கட்டை முகர்ந்துவிட்டு விலகிப்போகும் நாய்க்கு, புதிதாகச் சமைத்த உணவை வீட்டுக்கே கொண்டுவந்து தருவது இன்றைய லண்டனில் ஒரு தொழில். அந்நகருக்கு இது புதிதல்ல.

19-ஆம் நூற்றாண்டில் நாய்க்கும் பூனைக்கும் இறைச்சி விற்பவர்கள் கைவண்டியோடும் கூடையோடும் தெருத்தெருவாக வந்தார்கள். லண்டன் உழைப்பாளிகளிடம் நேரில் பேசி எழுதிய ஹென்றி மேஹ்யூ, 1850-களின் தொடக்கத்தில் இவர்கள் ஏறத்தாழ 1,000 பேர் என்று கணக்கிட்டார். வண்டியிழுத்து ஓய்ந்த குதிரைகளின் இறைச்சிதான் சரக்கு. வெட்டுக்கொட்டிலில் கொப்பரையில் வெந்ததை எடைக்கு வாங்கி, துண்டுபோட்டு, குச்சியில் கோத்துச் சில்லறைக் காசுக்கு விற்றார்கள். ஒவ்வொருவருக்கும் வாடிக்கைத் தெருக்கள் உண்டு. அந்த வாடிக்கையே விலைக்குக் கைமாறியது. நாள் முழுதும் பல மைல் நடை. இந்த உழைப்புக்குரிய மதிப்பை வரலாறு இன்னும் தரவில்லை.

பிஸ்கட் பிறகுதான் வந்தது. அமெரிக்கரான ஜேம்ஸ் ஸ்பிராட் 1860-களில் மாவும் இறைச்சியும் காய்கறியும் சேர்த்துச் சுட்டு லண்டனில் விற்றார். கெடாது, மூட்டையில் கிடக்கும். அவர் நிறுவனத்தில் வேலை பார்த்த சார்லஸ் கிரஃப்ட்தான் 1891-இல் தன் பெயரிலேயே நாய்க் கண்காட்சி தொடங்கியவர்.

20-ஆம் நூற்றாண்டில் மோட்டார் வாகனங்கள் பெருகிக் குதிரைகள் குறைந்தன. டின் உணவு கடைக்கு வந்தது. இறைச்சி வண்டிக்காரர்கள் தெருக்களிலிருந்து மறைந்தார்கள்.