அப்பத்தா பெட்டியில் நாற்பத்திரண்டு துண்டு

எங்க அப்பத்தா போன பிறகு எனக்கு வந்த சொத்து ஒரு டிரங்குப் பெட்டி. அதுக்குள்ளே சாண் அளவுக்குச் சதுரமா வெட்டி, நாடாவால் கட்டின சேலைத் துண்டுகள், மொத்தம் 42. ஒண்ணோட ஒண்ணு தைக்கவே இல்லை.

குழுக் கூட்டத்துக்கு எடுத்துட்டுப் போனேன். "ரெண்டு துண்டுக்கு ஒரு சுருக்குப்பைன்னா 21 பை. கண்காட்சியிலே பை அறுபது ரூபாய்னு வித்தா 1,260 ரூபாய்"ன்னு தலைவி அக்கா அங்கேயே கணக்குப் போட்டுட்டாங்க. அந்த மாசத் தவணைக்கு எனக்குப் பணம் தேவை. மனசு ஆடத்தான் செய்தது.

ஆனால் அந்தத் துண்டுகளுக்கு ஒரு காலம் இருக்கிறது. உலகப் போர் நடந்தபோது துணியெல்லாம் பட்டாளத்துக்குப் போனது. 1943இல் வெள்ளைக்கார சர்க்கார் துணிக்கும் நூலுக்கும் கட்டுப்பாடு போட்டது. மில் துணியில் விலையை முத்திரை குத்த வேண்டும் என்றது. நூல் கிடைக்காமல் கைத்தறிக்காரர்கள் திண்டாடினார்கள். அருப்புக்கோட்டை தறி ஊர். அங்கே நூல் இல்லை என்றால் அடுப்பில் உலை இல்லை. அப்போது அப்பத்தா குமரி. கிழிந்த சேலையில் நல்ல பாகத்தை மட்டும் வெட்டி வைக்கிற பழக்கம் அப்போ வந்தது, சாகிற வரை போகவில்லை. கட்டம் போட்ட தறிச் சேலை, மதுரைச் சுங்குடி, அவங்க கல்யாணத்துக்கு எடுத்த அரக்குச் சேலை எல்லாம் அதில் இருக்கு. எங்க வீட்டுக்கு வேற சரித்திரப் புத்தகம் கிடையாது.

பயிற்சிக்கு வந்த டீச்சர் ஒரு விஷயம் சொன்னாங்க. அமெரிக்காவில் அலபாமா என்ற மாநிலத்தில், பருத்திக் காட்டில் பாடுபட்ட கறுப்பினப் பெண்கள் 1966இல் நம்மை மாதிரி ஒரு கூட்டுறவு ஆரம்பித்து ஒட்டுப்போர்வை தைத்து விற்றார்கள். 1972இல் ஒரு பெரிய கடைக்காரரிடம் தலையணை உறை ஆர்டர் பிடித்தார்கள். உறை கடைக்குப் போனது. வெட்டின மிச்சத்தில் அவங்க வீட்டுக்குப் போர்வை தைத்தாங்க. அந்த வட்டாரப் போர்வைகளை 2002இல் நியூயார்க் மியூசியத்தில் தொங்கவிட்டார்கள். ஆர்டருக்கு ஒரு துணி, வீட்டுக்கு ஒரு துணி என்று பிரித்தார்களே, அது எனக்குப் பிடித்தது.

நானும் பிரித்தேன். சுருக்குப்பைக்குத் தையல் கடை வெட்டுத்துணி வாங்கினோம். அது புதுசு, இழுத்தாலும் தாங்கும். பழைய துணியில் பை தைத்தால் சுருக்குக் கயிறு இழுக்கிற இடத்திலேயே பிய்ந்திருக்கும், வாங்கினவங்க நம்மைத்தான் ஏசுவாங்க. தவணைக்கு ஒரு ஆட்டுக்குட்டியை வித்தேன்.

துண்டுகளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, ரெண்டு பெருவிரலால் மெல்ல இழுத்துப் பார்த்தேன். இழை விட்டது ஆறு. அரக்குத் துண்டு சாயம் விடுமோ என்று ஈர வெள்ளைத்துணியை அழுத்திப் பார்த்தேன், விடலை. பூந்திக்கொட்டைத் தண்ணீரில் அலசி நிழலில் உலர்த்தினேன். மிச்சம் 36. வரிசைக்கு ஆறாக ஆறு வரிசை, தையலுக்குப் போக நாலடிச் சதுரம் வந்தது. கெட்டியானதை ஓரத்துக்கும் மெலிஞ்சதை நடுவுக்கும் வைத்தேன், தேய்மானம் ஓரத்தில்தானே. அடியில் அப்பத்தா கடைசியாக் கட்டின சேலை.

கர்நாடகத்துச் சித்திப் பெண்கள் போர்வை மூலையில் துணியை முக்கோணமாக மடித்துத் தைத்து அதைப் பூ என்பார்களாம். நாலு மூலைக்கும் நானும் வைத்தேன்.

இப்போ என் பேத்தி அதில்தான் தூங்குறா. இழை விட்ட ஆறும் நொச்சி இலையோடு பெட்டிக்குள்ளேயே இருக்கு.