மூன்று கால்களும் ஒரு கல்லெழுத்தும்: கோலார் தங்கவயலைப் படமெடுக்கச் செல்வோர்க்கு

கோலார் தங்கவயலுக்குக் களஆய்வுக்குச் செல்லவிருக்கும் மாணவர்களிடமிருந்து வரும் முதற்கேள்வி பெரும்பாலும் கேமராவைப் பற்றியதாகவே இருக்கிறது. எத்தனை மெகாபிக்சல், எந்த லென்ஸ், என்ன விலை என்று கேட்கிறார்கள். அந்தக் கேமரா எதன்மேல் நிற்கப்போகிறது என்று கேட்பவர் அரிது. படத்தின் தெளிவை முதலில் தீர்மானிப்பது கேமராவைத் தாங்கும் முக்காலியும், முக்காலியின் உச்சியில் அதைப் பிடித்திருக்கும் தலைப்பகுதியும்தாம். கடையில் கேட்டுத் தெரிந்துகொள்ளும் செய்தியாக இது தோன்றலாம். ஆயினும் தென்னிந்தியாவை அளந்தவர்களும் படமெடுத்தவர்களும் இருநூறு ஆண்டுகளாக எதிர்கொண்ட சிக்கல் இதுவே. அவ்வரலாற்றை அறிந்தவர்க்குக் கருவியைத் தேர்வது எளிதாகும்.

தெளிவு நமக்கு ஏன் இன்றியமையாதது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். 1880இல் ஜான் டெய்லர் அண்டு சன்ஸ் நிறுவனம் பொறுப்பேற்றபின் பெருகிய இச்சுரங்கங்களுக்கு வட ஆர்க்காடு, சேலம் முதலிய மாவட்டங்களிலிருந்து தமிழ்த் தொழிலாளர்கள் வந்து குடியேறினர். அவர்களுள் பெரும்பாலோர் ஒடுக்கப்பட்ட சமூகத்தினர். 1920களில் அயோத்திதாசரின் ‘தமிழன்’ இதழை ஜி. அப்பாதுரையார் மீண்டும் நடத்தியது இம்மண்ணிலிருந்துதான். 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கங்கள் மூடப்பட்டன. நிறுவனத்தின் கணக்கேடுகள் நிறுவனத்தின் மொழியில் இருக்கின்றன. தொழிலாளர் தம் மொழியில் விட்டுச்சென்ற எழுத்தில் ஒரு பகுதி கல்லறைப் பலகைகளிலும் கோயில் படிக்கற்களிலும் கட்டடங்களின் அடிக்கல்களிலும் இருக்கிறது. சுண்ணாம்புப் பூச்சும் மழையும் அவற்றை ஆண்டுதோறும் தேய்த்துவருகின்றன.

தேய்ந்த தமிழெழுத்தில் சிறு மங்கலும் பெரும் பிழைக்கு இடமாகும். ரகரத்துக்கும் ஆகாரக் காலுக்கும் உள்ள வேறுபாடு அடியிலுள்ள ஒரு சிறு சாய்கோடு மட்டுமே. ‘மு’வும் ‘மூ’வும் ஒரு சுழியால் வேறுபடுகின்றன. மெய்யெழுத்தின் புள்ளி மறைந்தால் சொல்லே மாறிவிடும். தமிழ் எண்களில் ௫ என்பது ‘ரு’வைப் போன்றது, ௬ என்பது ‘சு’வைப் போன்றது. கல் தேய்ந்து, படமும் மங்கியிருந்தால் ஐந்து ஆறாகும். ஒரு மரணத்தின் ஆண்டு மாறும். அந்த ஆண்டைக்கொண்டு எழுதப்படும் வரலாறும் மாறும். அடுத்த பயணத்தில் அக்கல் அங்கேயே இருக்கும் என்று எவரும் உறுதி கூற இயலாது.

இனி வரலாற்றுக்கு வருவோம். 1802இல் மைசூர் எல்லையை அளக்கும் பணியில் இருந்த ஜான் வாரன் என்னும் இராணுவ அதிகாரி, உரிகம், மாரிகுப்பம் பகுதிகளில் ஊர்மக்கள் மண்ணைக் கழுவிப் பொன் எடுப்பதைக் கேட்டறிந்து ஆராய்ந்தார். தங்கவயலின் நவீன வரலாற்றை எழுதுவோர் பலரும் இவரிடமிருந்தே தொடங்குவர். வாரன் அடிப்படையில் ஓர் அளவையாளர். வில்லியம் லாம்டனின் நில அளவைப் பணியில் துணைநின்றவர். பின்னர் சென்னை வானாய்வகத்தின் பொறுப்பை ஏற்றார். தென்னிந்திய நாட்காட்டி முறைகளை ஆராய்ந்து ‘காலசங்கலிதம்’ என்னும் நூலை 1825இல் வெளியிட்டார். அவர் தங்கவயலுக்கு வந்த அதே 1802இல்தான் லாம்டன் சென்னை பரங்கிமலை அருகே அடிக்கோடு அளந்து, பின்னாளில் மாபெரும் முக்கோண அளவை எனப் பெயர்பெற்ற பணியைத் தொடங்கினார்.

லாம்டனின் பெரிய தியோடலைட் ஏறத்தாழ அரை டன் எடையுள்ளது. பல மைல்களுக்கு அப்பாலுள்ள குறியை நோக்கிக் கோணம் அளக்கும் கருவிக்கு, அடியில் ஏற்படும் மயிரிழை அசைவும் குறியிடத்தில் பெருந்தொலைவாகிவிடும். எனவே அதை உயரமான, அசையாத இடத்தில் நிறுத்த வேண்டியிருந்தது. மலைகள் இல்லாத காவிரிச் சமவெளியில் கோயில் கோபுரங்களே உயரமான இடங்கள். 1808இல் தஞ்சைப் பெரிய கோயிலின் உச்சிக்கு அக்கருவியை ஏற்றுகையில் கயிறு அறுந்து, அது சுவரில் மோதிச் சிதைந்தது. வளைந்துபோன வட்டத் தகட்டை லாம்டன் வாரக்கணக்கில் தம் கையாலேயே சீர்செய்தார்.

அவருக்குப் பின் பொறுப்பேற்ற ஜார்ஜ் எவரெஸ்ட் கங்கைச் சமவெளியில் அளவைக் கோபுரங்களை எழுப்பியபோது ஒரு நுட்பத்தைக் கையாண்டார். கருவி நிற்கும் நடுத்தூணும், அளப்பவர் நிற்கும் தளமும் ஒன்றையொன்று தொடாதபடி அமைக்கப்பட்டன. மனிதர் நடந்தாலும் மூச்சுவிட்டாலும் கருவி அசையாது. முக்காலியைப் பற்றி அறியவேண்டியதன் சாரம் இவ்வமைப்பில் அடங்கியிருக்கிறது. தெளிவுக்கு முதல் இடையூறு பார்ப்பவரின் உடலே. அதைக் கருவியிலிருந்து பிரித்து நிறுத்துவதுதான் முக்காலியின் பணி.

லாம்டனின் கருவி அடிபட்ட அதே தஞ்சைக் கோயிலில், ஐம்பது ஆண்டுகளுக்குப் பின் இச்சிக்கல் ஒளிப்படத்தில் எழுந்தது. சென்னை அரசின் ஒளிப்படக்காரராக நியமிக்கப்பட்டிருந்த லின்னேயஸ் ட்ரைப், 1858இல் தமிழ்நாட்டில் சுற்றுப்பயணம் செய்தார். மெழுகூட்டிய தாள் நெகடிவ்கள், பெரிய மரக் கேமரா, நெடுநேர வெளிச்சப்பதிவு ஆகியவையே அவருக்கு வாய்த்தவை. பெரிய கோயில் விமானத்தின் அடித்தளத்தைச் சுற்றி ஓடும் கல்வெட்டைக் கேமராவைச் சிறிது சிறிதாக நகர்த்தி எடுத்து, 21 படிகளை ஒட்டி ஏறத்தாழ 19 அடி நீளமுள்ள ஒரே படமாக்கினார். இதைச் செய்வதற்கு ஒவ்வொரு நகர்விலும் கேமரா அதே உயரத்தில், கல்லிலிருந்து அதே தொலைவில், கல்லுக்கு நேர் இணையாக நின்றிருக்க வேண்டும். கேமரா சற்றே சாய்ந்தாலும் அடுத்தடுத்த படங்களில் வரிகள் பொருந்தா. தென்னிந்தியக் கல்வெட்டுகள் தொகுதிகள் வெளிவரத் தொடங்கியது 1890இல். அதற்கு முப்பது ஆண்டுகளுக்கு முன்பே இது நிகழ்ந்துவிட்டது.

தங்கவயலுக்குத் திறன்வாய்ந்த சுரங்கத் தொழிலாளர்களை அனுப்பிய இங்கிலாந்தின் கார்ன்வாலில், 1890களில் ஜே. சி. பர்ரோ என்பவர் நிலத்தடிச் சுரங்கங்களையே படமெடுத்தார். மக்னீசியச் சுடரும் சுண்ணாம்பு விளக்கும் அவருக்கு ஒளி தந்தன. ஏணிகளுக்கும் ஈரப் பாறைகளுக்கும் இடையில் கேமராவை அசையாது நிறுத்துவதற்கு இடம் தேடுவதே அங்கு பெரும்பாடு. ஒளி குறையக் குறைய முக்காலியின் பங்கு கூடுகிறது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டா.

இப்போது தேர்வுக்கு வருவோம். தேய்ந்த எழுத்தைப் படிக்க நேர் வெயில் உதவாது. காலை, மாலைச் சாய்வெயிலோ பக்கவாட்டில் பிடித்த டார்ச் விளக்கோ எழுத்தின் பள்ளத்தில் நிழல் விழச்செய்யும். அவ்வொளி குறைவு. ஐஎஸ்ஓ 100, துளை எஃப் 8 என்று வைத்தால் ஷட்டர் நேரம் எட்டில் ஒரு நொடியாகவோ அதற்கும் கூடுதலாகவோ நீளும். 100 மி.மீ. லென்ஸைக் கையில் பிடித்தெடுக்க நூறில் ஒரு நொடியேனும் வேண்டும் என்பது பழைய விதி. இன்றைய நுண்சென்சார்களுக்கு அதுவும் போதாது. ஐஎஸ்ஓவைக் கூட்டினால் புள்ளிமணல் பரவி, மெய்ப்புள்ளியை மறைக்கும். இந்த இடைவெளியை நிரப்புவது முக்காலி மட்டுமே.

முக்காலியில் முதலில் பார்க்கவேண்டியது தாங்குதிறன். கேமரா, லென்ஸ் இரண்டின் கூட்டு எடையைப்போல் இரண்டு மூன்று மடங்கு தாங்குவதாக இருக்கட்டும். அடுத்து உயரம். நடுத்தண்டை உயர்த்தாமலே கேமரா கண்மட்டத்துக்கு வரவேண்டும். நடுத்தண்டை உயர்த்தினால் மூன்று கால்களின்மேல் ஓர் ஒற்றைக்கால் நிற்பதாக ஆகிவிடும். ஐந்து மடிப்புக் கால்கள் பைக்குள் அடங்கும். மூன்று மடிப்புக் கால்கள் களத்தில் உறுதியாக நிற்கும். அலுமினியம் மலிவானது, கனமானது. கார்பன் ஃபைபர் இலேசானது, அதிர்வை விரைவில் அடக்குவது, விலை மிகுந்தது. நெடுந்தூரம் நடப்பவர் அல்லர் எனில் அலுமினியமே போதும். தரையில் படுத்திருக்கும் கல்லறைப் பலகைகளை எடுப்போர், நடுத்தண்டைக் கிடையாகத் திருப்பக்கூடிய வகையைத் தேர்க. அப்போது மறுபக்கம் எடை தொங்கவிட மறவாதீர்.

தலைப்பகுதியே பலரும் தவறவிடும் இடம். கடைகளில் பெரிதும் விற்பது பந்துத் தலை, அதாவது பால் ஹெட். ஒரே திருகைத் தளர்த்தினால் எல்லாத் திசைகளும் ஒருங்கே தளரும். விரைவுக்கு நல்லது, கல்லெழுத்துக்கு ஏற்றதன்று. மேல்கீழைச் சரிசெய்யப் போனால் இடவலம் கலையும். திசைக்கொரு கைப்பிடியுள்ள மூவழித் தலையில் ஒன்றைத் திருத்தும்போது மற்ற இரண்டும் நிலைத்திருக்கும். பற்சக்கரத் தலை இதனினும் நுண்மையானது, விலையும் கூடியது. ட்ரைப்பைப்போல் நீண்ட வரியைத் துண்டு துண்டாக எடுத்து ஒட்டவோ, சுரங்க வாயின்மேல் நிற்கும் இரும்புக் கோபுரத்தைச் சாயாமல் எடுக்கவோ விரும்புவோர் மூவழித் தலையையே நாடுக. வீடியோவுக்கான திரவத் தலை இப்பணிக்குத் தேவையில்லை.

நிறுத்தும் முறையும் உண்டு. சயனைடு முறையில் பொன் பிரித்தபின் கொட்டிய கழிவுமண் மேடுகள் தங்கவயலில் எங்கும் தென்படும். அம்மண் மாவுபோல் நுண்ணியது. கூர்முனைக் கால்கள் அதில் புதையும். அகன்ற ரப்பர்ப் பாதங்களோ பாதத்தடியில் வைத்த சிறு பலகைகளோ வேண்டும். மடிப்புகளின் பூட்டுகளில் அத்தூசி நுழைந்தால் கால்கள் இறுகிப்போகும். அன்றன்றே ஈரத்துணியால் துடைக்க வேண்டும். காற்று வீசும் நாளில் முகமூடி அணிந்து, மேடுகளிலிருந்து விலகியே நிற்க வேண்டும். நடுத்தண்டின் கொக்கியில் பையைத் தொங்கவிடுகையில் அதன் அடி தரையைத் தொட்டுக்கொண்டிருக்கட்டும். இன்றேல் அதுவே ஊசலாகி முக்காலியை ஆட்டும். ஷட்டரைக் கையால் அழுத்தாமல் இரண்டு நொடி டைமரையோ ரிமோட்டையோ பயன்படுத்துக. எவரெஸ்டின் தனித்தூண் செய்த வேலையை இதுவே செய்கிறது. லென்ஸின் அதிர்வுநீக்கியையும் அணைத்துவிடுக. அசைவில்லாதபோது சில கருவிகளில் அதுவே அசைவை உண்டாக்கும்.

இவ்வளவும் வாங்க இயலாத மாணவர்கள் சோர்வடைய வேண்டியதில்லை. ஒரு கிலோ அரிசி நிரப்பிய துணிப்பையைச் சுவர்மேலோ கல்மேலோ வைத்து, அதில் கைப்பேசியைப் புதைத்து, டைமரில் எடுத்தாலும் படிக்கத்தக்க படம் கிடைக்கும். முக்காலியை வைத்துவிட்டால் மற்றொரு வாய்ப்பும் திறக்கிறது. கேமராவை அசைக்காமல், விளக்கை மட்டும் பல திசைகளுக்கு நகர்த்திப் பல படங்கள் எடுத்து, கணினியில் இணைத்துக் கல்லின் மேடுபள்ளங்களைத் திரையில் மீட்டெடுக்கும் முறை 2001இல் வெளியிடப்பட்டது. கண்ணுக்குத் தெரியாத எழுத்தும் அதில் தெரியவரும். கேமரா ஒருமுறை அசைந்தால் முழு முயற்சியும் வீணாகும். கோலார் நகரின் கோலாரம்மா கோயிலில் சோழர்காலத் தமிழ்க் கல்வெட்டுகளைப் பார்க்கச் செல்வோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். தொல்லியல் துறையின் பாதுகாப்பிலுள்ள இடங்களில் முக்காலி வைக்க முன்னனுமதி தேவை. மூடிய சுரங்க வளாகங்களுக்கும் அனுமதியின்றிச் செல்லலாகாது.

முக்காலியைப் புகழ்ந்தபின் அதன் குறையையும் சொல்வது கடமை. நெடுநேரப் பதிவில் நிற்பவை பதியும், நகர்பவை மறையும். ட்ரைப்பின் படங்களில் மனிதர் அரிதாகத் தென்படுவதற்கு இதுவும் ஒரு காரணம். பழைய சுரங்கப் படங்களுக்கும் இவ்விதி பொருந்தும். கோபுரமும் எந்திரக் கூடமும் கூர்மையாக நிற்கும். வேலை செய்தவர் புகைபோல் கலைந்திருப்பார், அல்லது வேலையை நிறுத்திவிட்டு ஆணைக்கிணங்க அசையாது நிற்பார். அப்படங்களைச் சான்றாகக் கொள்வோர், அவற்றில் உழைப்பு ஏன் காணப்படவில்லை என்ற கேள்விக்கு விடையின் ஒரு பகுதியை மூன்று கால்களிடமும் தேட வேண்டும்.

ஆகவே கல்லுக்கும் கட்டடத்துக்கும் முக்காலியை விரியுங்கள். ஒரு முதியவர் தம் தந்தை இறங்கிய சுரங்க வாயைச் சுட்டிக்காட்டிப் பேசத் தொடங்கினால், அவரை அசையாதிருக்கச் சொல்லாமல் கேமராவைக் கழற்றிக் கையிலெடுங்கள். அந்தப் படம் சற்று மங்கினாலும் பாதகமில்லை. அவர் சொல்லும் பெயர் கல்லில் எவ்வாறு எழுதப்பட்டிருக்கிறது என்று சரிபார்க்கத்தான் முக்காலியில் எடுத்த மற்றைப் படம் இருக்கிறதே.