நாலந்தா வழியும் மாத்தளை இருப்புப்பாதையும்



கடுகி ஓடும் வண்டியில் அமர்ந்து நாட்டின் எழிலைக் கண்டு மகிழ்வது இக்காலத்தின் பெருவிருப்பங்களுள் ஒன்றாகிவிட்டது. ஜப்பான் தேசத்தில் 1964 ஆம் ஆண்டு ஒக்டோபர் முதலாம் நாள், தோக்கியோவுக்கும் ஒசாகாவுக்கும் இடையே மணிக்கு 200 கிலோமீற்றருக்கு மேற்பட்ட வேகத்தில் செல்லும் வண்டி ஓடத் தொடங்கியது. அவ்வண்டியின் சாளரத்தில் பூஜி என்னும் பனிமலை தோன்றுகிறது. பார்த்து முடிக்குமுன் மறைந்தும் விடுகிறது. நம் நாட்டில் அத்தகைய வண்டி இல்லை. கொழும்பிலிருந்து கண்டிக்குள்ள 75 மைலைக் கடக்க நம் வண்டிகள் இரண்டரை மணி நேரத்துக்கு மேல் எடுத்துக்கொண்டு வந்திருக்கின்றன. இதனைக் குறையாகச் சொல்வோர் உண்டு. யான் அவ்வாறு எண்ணுவதில்லை. காணத்தக்கதைக் காண்பதற்கு நேரமும் வேண்டுமன்றோ?

எனினும், மெதுவாகச் செல்லும் வண்டியிலிருந்தும் கண்ணுக்குத் தெரியாத ஒன்று உண்டு. அதனைப் பற்றியே இன்று பேச விழைகின்றேன்.

இலங்கையில் இருப்புப்பாதை இயற்கைக் காட்சிக்காக இடப்பட்டதன்று, கோப்பிக்காக இடப்பட்டது. மலைநாட்டுத் தோட்டங்களில் விளைந்த கோப்பி, மாட்டு வண்டிகளிலே கடுகண்ணாவைக் கணவாயின் வழியாகக் கொழும்புத் துறைமுகத்தை அடைய நாட்கணக்கில் ஆயிற்று. வண்டி குடை சாய்வதும், மாடுகள் நோயுற்று மடிவதும், மழையில் மூட்டைகள் கெடுவதும் தோட்ட முதலாளிகளை வருத்தின. 1845 ஆம் ஆண்டில் இருப்புப்பாதைக் கொம்பனி ஒன்று அமைக்கப்பட்டது. 1858 ஆம் ஆண்டு ஆகஸ்ட் 3 ஆம் நாள் தேசாதிபதி சேர் ஹென்றி வார்ட் முதல் மண்ணை வெட்டித் தொடக்கிவைத்தார். கொம்பனியின் மதிப்பீடு பொய்த்தமையால், பின்னர் அரசாங்கமே அவ்வேலையை ஏற்றது. 1864 டிசெம்பரில் அம்பேபுசை வரையும், 1867 ஆகஸ்டில் கண்டி வரையும் வண்டி ஓடிற்று.

றம்புக்கணையை விட்டு ஏறும்போது ஏறத்தாழ 13 மைல் தொலைவுக்குள் பாதை 1,300 அடிக்கு மேல் உயர்கின்றது. நாற்பத்தைந்து அடிக்கு ஓரடி என்பது அதன் ஏற்றம். ஒரு புறம் செங்குத்தான பாறை. மறு புறம் பாதாளம் போன்ற பள்ளத்தாக்கு. அதன் அடியில் படிப்படியாக அமைந்த வயல்கள். அப்பாறையைப் பிளந்தவர்களுள் தென்னிந்தியாவிலிருந்து வந்த தமிழ்த் தொழிலாளரும் இருந்தனர். சாளரத்தின் வழியே தலையை நீட்டி வியப்போர்க்கு இது நினைவில் வருவது அரிது.

கண்டியிலிருந்து வடக்கே செல்லும் கிளைப்பாதை, கட்டுகஸ்தோட்டையில் மகாவலி கங்கையைக் கடந்து, வத்தேகமை, உக்குவளை வழியாக மாத்தளையை அடைகின்றது. கொக்கோவும் மிளகும் பாக்கும் நிறைந்த, நிழல் மிகுந்த வழி அது. அப்பாதை திறக்கப்பட்ட ஆண்டு 1880. இங்கே வரலாற்றின் கேலி ஒன்றைக் காண்கிறோம். கோப்பி இலையில் மஞ்சள் துருப் போன்ற நோய் இந்நாட்டில் முதன்முதலாகக் காணப்பட்டது 1869 ஆம் ஆண்டில். பதினொரு ஆண்டுகளின் பின்னர், எந்தப் பயிரை ஏற்றிச் செல்லவென வண்டி மாத்தளைக்கு வந்ததோ, அந்தப் பயிர் அழிந்துகொண்டிருந்தது! பின்பு தேயிலை வந்து இருப்புப்பாதைக்கு வேலை கொடுத்தது.

மாத்தளையோடு தண்டவாளம் முடிகின்றது. அதற்கப்பால் வடக்கே ஏறத்தாழ 15 மைல் தூரத்தில், யாழ்ப்பாணம் செல்லும் பெருஞ்சாலையில் உள்ளது நாலந்தா. பன்னிரண்டாம் நூற்றாண்டில் பராக்கிரமபாகு அரசன் படை நடத்திய காலத்தில் இஃது ஓர் அரண் இருந்த இடமென்று சூளவம்சத்தால் அறிகிறோம். ஆனால் நம் மக்களுக்கு நாலந்தா வேறொரு வகையில் நெருங்கிய ஊர். பலருக்கு அது தெரியாது.

மதுரை, இராமநாதபுரம், திருச்சி, புதுக்கோட்டைப் பகுதிகளில் பஞ்சத்துக்கும் கடனுக்கும் இளைத்த ஏழைகள், கங்காணியிடம் முற்பணம் பெற்றுக்கொண்டு, பாய்மரத் தோணியேறி மன்னார்க் கரையில் இறங்கினர். அங்கிருந்து நடை. மதவாச்சி, மிகிந்தலை, தம்புள்ளை, நாலந்தா, மாத்தளை என்று 130 மைலுக்குக் குறையாத காட்டு வழி. தொடக்க காலத்தில் ஆடவரே பெரும்பாலும் வந்தனர்; கோப்பிப் பழம் பறிக்கும் பருவத்துக்கு வந்து, பருவம் முடிந்ததும் அவ்வழியே ஊர் திரும்பினர். பிற்காலத்தில் பெண்டிரும் பிள்ளைகளும் உடன் வந்தனர். தலையிலே சோற்றுப் பானையும், தோளிலே கம்பளியுமாகச் சென்ற அக்கூட்டங்களுக்கு வறண்ட நிலத்தில் குடிநீர் அரிது. கிடைத்த குளத்து நீரைக் குடித்தனர், வாந்திபேதி வந்தது. அம்மையும் காய்ச்சலும் உடன் வந்தன. நடக்க இயலாதவரை வழியில் விட்டுச் செல்வதும் நிகழ்ந்தது. கூட்டம் நின்றால் அரிசி தீர்ந்துவிடும். இதுவே அதன் கொடிய கணக்கு.

எத்தனை பேர் மாண்டனர்? 1840 களின் எட்டாண்டுக் காலத்தில் வந்தவர்களுள் 70,000 பேர் இறந்தனர் என்று கொழும்புப் பத்திரிகை ஒன்று 1849 ஆம் ஆண்டில் மதிப்பிட்டது. அது மிகையென்று பின்வந்த ஆய்வாளர் சிலர் வாதித்துள்ளனர். மிகையாகவே இருக்கட்டும்; ஆயினும் அவ்வாதத்தைத் தீர்த்துவைக்க நம்மிடம் சரியான பதிவேடு இல்லை என்பதே என் நெஞ்சை உறுத்துவது. ஏற்றுமதியான கோப்பியின் நிறைக்குக் கணக்கு உண்டு. மூட்டையை எண்ணியவர்கள் மனிதரை எண்ணவில்லை. 1858 இலே குடிவரவுத் தொழிலாளருக்கென ஓர் ஆணைக்குழு அமைக்கப்பட்ட பின்னரே தங்குமடங்களும் மருத்துவ வசதிகளும் இவ்வழியில் சிறிது சிறிதாக எழுந்தன.

காட்டு வழி நடந்து வந்தோர் மலைநாட்டின் வாயிலை அடைந்த இடம் மாத்தளை. அங்குள்ள முத்துமாரியம்மன் கோயில், அவ்வாறு வந்தவர்கள் மரத்தடியில் வைத்து வழிபட்டதில் தொடங்கியதென்பது ஊர் மரபு. உயிரோடு வந்து சேர்ந்ததற்கு அம்மனிடம் நன்றி சொல்வது இயல்பே.

சில ஆண்டுகளுக்கு முன் எம் பாடசாலைப் பிள்ளைகளை மாத்தளை வரை புகைவண்டியிலும், பின் பேருந்திலும் நாலந்தாவுக்கு அழைத்துச் சென்றேன். அங்குள்ள கெடிகே என்னும் கற்கோயிலைக் காட்டுவதே என் நோக்கம். மாமல்லபுரத்துக் கட்டடங்களை நினைவூட்டும் பல்லவச் சாயல் கொண்ட கருவறையும் மண்டபமும், கூடுகளும் தூண்களும் அமைந்த பௌத்த ஆலயம் அது. எட்டாம் நூற்றாண்டுக்கும் பத்தாம் நூற்றாண்டுக்கும் இடைப்பட்டதெனக் கருதுவர். மகாவலித் திட்டத்தின் போவத்தன்னை நீர்த்தேக்கத்தில் மூழ்கவிருந்த அக்கோயிலை, 1970 களில் கல் கல்லாகக் கழற்றி, அணைக்கரையிலே உயர்ந்த இடத்தில் மீண்டும் பொருத்தினர். 1980 இல் அப்பணி நிறைவெய்தியது. போற்றத்தக்க பணி, அதில் எனக்கு ஐயமில்லை.

இதையெல்லாம் நான் விளக்கி முடித்தபோது, தோட்டத்திலிருந்து படிக்க வரும் மாணவி ஒருத்தி, "ஐயா, எங்கள் பாட்டனார்மார் நடந்து வந்ததும் இந்த ரோட்டாலா?" என்று கேட்டாள்.

"ஆமாம் பிள்ளை, இந்த வழிதான்" என்றேன்.

"அவர்களுக்கு இங்கே ஒரு கல்லும் இல்லையா?"

பாடநூலில் இல்லாத கேள்வி. ஒவ்வொரு கல்லுக்கும் இடம் குறித்து எடுத்து வைத்த ஊரில் நின்றுகொண்டு அவளுக்கு என்ன விடை கூறுவேன்? சாலையோரம் பார்த்தேன். வாசனைத் திரவியத் தோட்டங்களின் விளம்பரப் பலகைகள்தாம் தெரிந்தன. இல்லை என்றே சொன்னேன்.

1914 ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே நீராவிக் கப்பலும், இரு கரையிலும் புகைவண்டியும் இணைந்தன. அதன்பின் மன்னாரிலிருந்து நடந்து வருவோர் எவரும் இலர். 1964 டிசெம்பர் புயலில் தனுஷ்கோடி இருப்புப்பாதை கடலோடு போயிற்று. 2025 நவம்பர் இறுதியில் வீசிய டிட்வா சூறாவளியிலே மலைநாட்டுப் பாதையும் பல இடங்களில் மண்சரிவால் சிதைந்தது. இரும்பு வழி அழிந்தால் அதனைச் செப்பனிட வரைபடம் இருக்கிறது.

அன்று மாலை மாத்தளை நிலையத்திலே வண்டிக்குக் காத்திருந்த வேளையில், அம்மாணவி தன் குறிப்பேட்டைக் காட்டினாள். மன்னார் முதல் மாத்தளை வரை ஊர்ப்பெயர்களை வரிசையாக எழுதி, நாலந்தாவின் கீழ் ஒரு கோடு இட்டிருந்தாள். விடுமுறையில் தன் பாட்டியாரிடம் கேட்டு எஞ்சியவற்றை எழுதி வருவதாகச் சொன்னாள். எழுதியும் வந்தாள்; நான்கு பக்கம்.