இன்ஃபோகாம் விளையாட்டு நிறுவனத்தின் எழுச்சியும் வீழ்ச்சியும்: 1979–1989

திறவுச்சொற்கள்: இன்ஃபோகாம், உரைவழி விளையாட்டு, மெய்நிகர் இயந்திரம், கணினி வரலாறு

கணினி விளையாட்டு வரலாற்றை எழுதுவோர் இன்ஃபோகாம் நிறுவனத்தின் மறைவுக்கு வரைகலையின் எழுச்சியையே காரணமாகக் காட்டுவது வழக்கம். படங்கள் வந்தன, சொற்களால் மட்டுமே இயங்கிய விளையாட்டுகள் வழக்கொழிந்தன என்பது அவ்வாதம். அதில் ஓரளவு உண்மை உண்டு. எனினும் காலவரிசையை நோக்குமிடத்து, நிறுவனத்தை முதலில் தளரச் செய்தது அலுவலகங்களுக்கென அது உருவாக்கிய மென்பொருள் ஒன்றே என்பது புலப்படும்.

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் 1977 முதல் 1979 வரை டிம் ஆண்டர்சன், மார்க் பிளாங்க், புரூஸ் டேனியல்ஸ், டேவ் லெப்லிங் ஆகிய நால்வர் பி.டி.பி.-10 கணினியில் ‘சோர்க்’ என்னும் விளையாட்டை உருவாக்கினர். வில் கிரௌதரும் டான் வுட்சும் இயற்றிய ‘அட்வென்ச்சர்’ இதற்கு முன்மாதிரி. அஃது ஓரிரு சொற்களாலான கட்டளைகளையே ஏற்றது. சோர்க்கோ பெயரடை, முன்னிடைச்சொல், பல செயப்படுபொருள்கள் ஆகியன அமைந்த தொடர்களையும் பகுத்துணர்ந்தது. 1979 ஜூனில் அக்கழகத்தைச் சார்ந்தோர் இன்ஃபோகாமைத் தொடங்கியபோது எதை விற்பது என்பதுகூட முடிவாகியிருக்கவில்லை.

சோர்க்கை விற்க நினைவகம் தடையாக நின்றது. பெருங்கணினியில் பிறந்த விளையாட்டைச் சில பத்துக் கிலோபைட்டுகளே கொண்ட வீட்டுக் கணினிக்குள் அடக்க வேண்டியிருந்தது. ஜோயல் பெரெசும் மார்க் பிளாங்கும் கண்ட தீர்வு ‘இசட்-மெஷின்’. அதாவது, கருத்தளவில் மட்டுமே உள்ள ஒரு கணினி. விளையாட்டு அக்கற்பனைக் கணினிக்கென எழுதப்பட்டது. உண்மைக் கணினி ஒவ்வொன்றுக்கும் அதனைப் பொருள்கொண்டு இயக்கும் சிறு நிரல் ஒன்று போதுமானதாயிற்று. வேண்டிய பகுதிகள் மட்டும் அவ்வப்போது நெகிழ்வட்டிலிருந்து நினைவகத்துக்குக் கொணரப்பட்டன. அவ்வாறிருந்தும் சோர்க்கை மூன்றாகப் பிரிக்க நேர்ந்தது. அதன் முதற்பகுதியை 1980இல் பெர்சனல் சாஃப்ட்வேர் நிறுவனம் வெளியிட்டது. ஆப்பிள், டி.ஆர்.எஸ்.-80, அட்டாரி, கொமடோர் என ஒன்றுக்கொன்று ஒவ்வாத கணினிகள் சந்தையில் மலிந்திருந்த அக்காலத்தில், ஒரு முறை எழுதி அனைத்திலும் விற்கும் இவ்வசதி நிறுவனத்துக்குப் பெருவலிமையாயிற்று.

வட்டின் இடக்குறை வேறொரு புதுமைக்கும் வழிகோலியது. கொலைத் துப்பறிதலை மையமாகக் கொண்ட ‘டெட்லைன்’ (1982) விளையாட்டில், வட்டில் இடம்பெற இயலாத வாக்குமூலங்களும் ஆய்வக அறிக்கையும் அச்சிட்ட தாள்களாகப் பெட்டிக்குள் வைக்கப்பட்டன. பின்னர் இதுவே நிறுவனத்தின் அடையாளமாயிற்று. டக்ளஸ் ஆடம்சும் ஸ்டீவ் மெரெட்ஸ்கியும் இணைந்து உருவாக்கிய ‘ஹிட்ச்ஹைக்கர்ஸ் கைடு’ 1984இல் வெளிவந்து பெருமளவில் விற்றது.

ஆயினும் நிறுவனர்களுள் சிலர் விளையாட்டை வணிக மென்பொருளுக்கு முதல் திரட்டும் வழியாகவே கருதினர். விளையாட்டு ஈட்டிய வருவாயைக் கொண்டு உருவான ‘கார்னர்ஸ்டோன்’ என்னும் தரவுத்தள மென்பொருள் 1985இல் 495 டாலர் விலையில் வெளிவந்தது. நிரலாக்கம் அறியாதாரும் கையாளத்தக்கது என்பது அதன் சிறப்பாகக் கூறப்பட்டது. இதுவும் மெய்நிகர் இயந்திரம் ஒன்றன் மீதே இயங்கியது. அதற்குள் அலுவலகங்களில் ஐ.பி.எம். கணினியும் அதனையொத்தனவும் நிலைபெற்றுவிட்டன. பல கணினிகளில் இயங்கும் ஆற்றல் அங்கு யாருக்கும் தேவைப்படவில்லை. அவ்வாற்றலுக்கு ஈடாக ஏற்ற வேகக்குறைவு மட்டும் எஞ்சியது. கதைக்குள் ஒரு கதவு திறக்கச் சில நொடி காத்திருப்பவர், வாடிக்கையாளர் பட்டியலுக்கு அவ்வாறு காத்திருப்பதில்லை. எதிர்பார்த்த விற்பனை அமையாமையால் அவ்வாண்டிலேயே ஊழியர் பலர் பணியிழந்தனர்.

1986இல் ஆக்டிவிஷன் நிறுவனம் இன்ஃபோகாமை வாங்கியது. 1989இல் அதன் கேம்பிரிட்ஜ் அலுவலகம் மூடப்பட்டது. வரைகலையின் நெருக்கடி முதிர்ந்ததும் ‘சோர்க் ஜீரோ’ (1988) போன்றவற்றில் நிறுவனமே படங்களைச் சேர்க்க முயன்றதும் இவ்விறுதி ஆண்டுகளிலேயே. இசட்-மெஷினின் அமைப்பை ஆர்வலர்கள் வெளியிலிருந்தே ஆராய்ந்து மீட்டனர். அதற்கென நிரல் எழுத உதவும் ‘இன்ஃபார்ம்’ மொழியைக் கிரஹாம் நெல்சன் 1993இல் வெளியிட்டார். 1980களில் விற்கப்பட்ட விளையாட்டுக் கோப்புகள் இன்று கைபேசிகளிலும் மாற்றமின்றி இயங்குகின்றன.